பரிசுப் பெட்டியில் எட்டுப் பொருள். குழந்தைக்கு எத்தனை தேவை?

கேள்வி: என் மகனுக்கு 38 நாள் ஆகிறது. பேறுகாலத்துக்கு வந்து மதுரையில் அம்மா வீட்டில் இருக்கிறேன். குளிப்பாட்ட வரும் பாட்டி எண்ணெய் தேய்த்து, பாசிப்பயறு மாவு போட்டு உருவி, வெந்நீரில் கிருமிநாசினித் திரவம் இரண்டு மூடி ஊற்றிக் குளிப்பாட்டுகிறார். பிறகு கழுத்து, அக்குள் எல்லாம் பவுடர் அப்புகிறார். நாத்தனார் ஒரு பரிசுப் பெட்டி தந்திருக்கிறார்; சோப்பு, ஷாம்பூ, லோஷன், மசாஜ் எண்ணெய், பவுடர், டயப்பர் க்ரீம், ஈரத் துடைப்பான், கொலோன் என்று எட்டுப் பொருள். போதாததற்குக் கணவர் சென்னையிலிருந்து ‘இயற்கை’ லோஷன் ஒன்றை அனுப்பியிருக்கிறார். குழந்தையின் கன்னத்தில் சிறு பருக்கள் இருக்கின்றன. கழுத்து மடிப்பு சிவந்திருக்கிறது. எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது?
— ஒரு வாசகி, மதுரை

பதில்: கழுத்திலிருந்தே தொடங்குவோம். இந்த வயதுக் குழந்தைக்குக் கழுத்து என்று தனியாக ஒன்று தெரியாது. மடிப்பு மட்டும்தான் தெரியும். என்னிடம் வரும் குழந்தைகளின் தாடையை லேசாகத் தூக்கி, நனைத்த பஞ்சால் அந்த மடிப்பைத் துடைத்துப் பார்ப்பது என் வழக்கம். பல நேரம் பஞ்சில் வெள்ளையாக ஒரு பசை ஒட்டிக்கொண்டு வரும். பவுடர், வழிந்த பால், வியர்வை மூன்றும் சேர்ந்து பிசைந்த மாவு அது. புளித்த வாடை அடிக்கும். அதை எடுத்ததும் கீழே தோல் சிவந்து, ஈரம் கசிந்து நிற்கும். உங்கள் மகனுக்கும் இதுவாக இருக்கவே வாய்ப்பு அதிகம். பவுடரை நிறுத்துங்கள். தினமும் இரண்டு மூன்று முறை மடிப்பை விரித்து வெறும் தண்ணீரில் துடைத்து, பருத்தித் துணியால் ஒற்றி, சற்று நேரம் காற்றாட விடுங்கள். மூன்று நான்கு நாளில் வித்தியாசம் தெரியும். தெரியவில்லை என்றாலோ, ஓரங்களில் சிறு சிறு சிவப்புப் புள்ளிகள் பரவினாலோ பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். அதற்கு வேறு மருந்து வேண்டும், மருத்துவரிடம் காட்டுங்கள்.

பவுடரைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். அதில் இருக்கும் டால்க் என்பது அரைத்த கனிமம். டப்பாவைத் தட்டும்போது எழும் மெல்லிய தூளைக் குழந்தை நேராக மூக்கில் இழுக்கிறது. அது நுரையீரலுக்குள் போய் மூச்சுத் திணறலை உண்டாக்கும். புற்றுநோய் ஆய்வுக்கான பன்னாட்டு முகமை 2024-ல் டால்க்கைப் ‘அநேகமாகப் புற்றுநோயை உண்டாக்கக்கூடும்’ என்ற பட்டியலில் சேர்த்த செய்தி பலரையும் அச்சுறுத்தியது. எனக்கு அதைவிட உடனடிக் கவலை மூச்சுதான். ஜான்சன் அண்ட் ஜான்சன் நிறுவனம் 2023 முதல் உலகெங்கும் டால்க்கை விட்டுச் சோள மாவுக்கு மாறுவதாக அறிவித்தது. ஆனால் சோள மாவும் தூள்தான், அதுவும் மூக்குக்குள் போகும். குழந்தைக்குப் பவுடரால் ஆகவேண்டிய வேலை ஒன்றுமே இல்லை.

அடுத்து அந்த இரண்டு மூடி கிருமிநாசினி. இதையும் இன்றே நிறுத்துங்கள். குழந்தையின் எடையோடு ஒப்பிட்டால் அதன் தோல் பரப்பு பெரியவர்களுடையதைப்போல் இரண்டரை மூன்று மடங்கு. தோலும் மெல்லியது. பூசுவதில் ஒரு பங்கு உள்ளே போகிறது என்பது வெறும் பயமுறுத்தல் அல்ல. 1972-ல் பிரான்சில் ‘டால்க் மொராஞ்ச்’ என்ற குழந்தைப் பவுடரில் ஹெக்சாகுளோரோஃபீன் என்ற கிருமிநாசினி தவறுதலாக அளவுக்கு மீறிக் கலந்துவிட்டது. பவுடர் பூசிய இடத்தின் வழியே அது உடலுக்குள் போய் 36 குழந்தைகள் இறந்தன. உங்கள் வீட்டுத் திரவம் அது அல்ல. ஆனாலும் நல்ல தண்ணீரில் குளிக்கும் குழந்தைக்குக் கிருமிநாசினி எதற்கு? அது தோலை வறளவைத்து எரிச்சலைத்தான் தரும்.

இப்போது பெட்டியைத் திறப்போம். முதலில் சோப்பு. குழந்தை பிறக்கும்போது தோலின் மேற்பரப்பு கிட்டத்தட்ட நடுநிலையில் இருக்கும். அடுத்த சில வாரங்களில் மெல்ல அமிலத்தன்மை ஏறி, பிஎச் அளவு (7 என்றால் நடுநிலை; குறைந்தால் அமிலம், கூடினால் காரம்) 5-க்கும் 6-க்கும் இடையில் வந்து நிற்கும். கிருமிகளைத் தடுப்பதும் ஈரத்தைப் பிடித்து வைப்பதும் இந்த அமிலப் போர்வைதான். சாதாரண சோப்பின் பிஎச் 9 முதல் 10 வரை. போர்வை நெய்துகொண்டிருக்கும்போதே தினமும் அதைப் பிரித்துவிடுகிறோம். ‘டிஎஃப்எம் 76 சதவீதம், முதல் தரம்’ என்று பார்த்து வாங்கினேன் என்பார்கள். சோப்பில் கொழுப்புப் பொருள் எவ்வளவு என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது. முதல் தர சோப்பும் காரம்தான்.

உங்கள் பெட்டியில் இருப்பது எந்த வகை என்பதை அட்டையின் பின்பக்கம் பாருங்கள். சோடியம் பால்மேட், சோடியம் பாம் கெர்னலேட் என்று தொடங்கினால் அது சோப்பு. சோடியம் கோகோயில் ஐசெதியோனேட் என்று தொடங்கினால் அது சிண்டெட், அதாவது சோப்பு அல்லாத செயற்கைக் கழுவுபொருள்; பிஎச் 5.5-ஐ ஒட்டி அமையும்படி செய்ய முடிவது இந்த வகைதான், அந்த எண்ணை அட்டையிலேயே போட்டிருப்பார்கள். இரண்டாவது வகை என்றால் வைத்துக்கொள்ளுங்கள். அதையும் தினமும் உடல் முழுக்கப் போட வேண்டாம். மடிப்புகளுக்கும் தொடையிடுக்குக்கும் போதும், மற்ற இடங்களுக்குத் தண்ணீரே போதும். ஷாம்பூவும் இப்போதைக்கு வேண்டாம். தலைக்கு அதே சிண்டெட்டை வாரம் ஒரு முறை போடலாம்.

அட்டையின் முன்பக்கத்தில் இருப்பதெல்லாம் விளம்பரம். ‘தோல் மருத்துவர்களால் சோதிக்கப்பட்டது’ என்றால் சோதித்தார்கள் என்றுதான் பொருள். முடிவு என்ன என்று எழுதியிருக்காது. ‘கண் எரியாது’ என்பது கண்ணைப் பற்றிய வாக்குறுதி, தோலைப் பற்றியது அல்ல. நீங்கள் தேட வேண்டியது வாசனைப் பொருள் சேர்க்கப்படவில்லை என்ற உறுதி. வாசனையே வராத பொருளிலும் ஒரு நாற்றத்தை மறைக்க இன்னொரு வாசனையைச் சேர்த்திருக்கலாம். பட்டியலில் பர்ஃபம், ஃப்ராக்ரன்ஸ் என்ற சொற்கள் இருந்தால் தள்ளி வையுங்கள். ஈரத் துடைப்பானில் மெத்தில்ஐசோதயசோலினோன் இருக்கிறதா என்றும் பாருங்கள். இந்தப் பதப்பொருளை 2013-ஆம் ஆண்டின் ஒவ்வாமைப் பொருளாக அமெரிக்கத் தொடர்பு ஒவ்வாமைத் தோல்நோய்ச் சங்கம் அறிவித்தது. வேடிக்கை என்னவென்றால், எல்லோரும் பயப்படும் பாராபென் என்ற பதப்பொருளை அதே சங்கம் 2019-ல் ‘ஒவ்வாமை தராத பொருள்’ என்று அறிவித்தது. ‘பாராபென் இல்லை’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பதை மட்டும் நம்பி வாங்க வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன். வீட்டில் இருக்கும்போது நனைத்த பஞ்சே போதும், துடைப்பான் பயணத்துக்கு.

கணவர் அனுப்பிய ‘இயற்கை’ லோஷனைப் பற்றி என்ன சொல்ல? எட்டி மரமும் இயற்கைதான். லாவண்டர், எலுமிச்சை எண்ணெய்களும் ஒவ்வாமை தரும். தோல் வறண்டு சொரசொரப்பாக இல்லாத குழந்தைக்கு லோஷனே தேவையில்லை. தினமும் க்ரீம் பூசினால் கரப்பான் என்ற அரிப்புத் தோல்நோய் வராமல் தடுக்கலாம் என்று ஒரு காலத்தில் நம்பினோம். பிரிட்டனிலும் நார்வே, சுவீடன் நாடுகளிலும் நடந்து 2020-ல் வெளியான இரண்டு பெரிய ஆய்வுகள் அதற்குச் சான்று இல்லை என்று காட்டிவிட்டன. வறட்சி இருந்தால் குளித்துத் துடைத்த கையோடு, ஈரம் காயும் முன், வாசனையற்ற பெட்ரோலியம் ஜெல்லியை மெல்லப் பூசுங்கள்.

பெட்டியில் உள்ள டயப்பர் க்ரீமில் துத்தநாக ஆக்சைடு இருந்து வாசனை இல்லாவிட்டால், அதை எடுத்து வையுங்கள். தொடையிடுக்கு சிவந்தால் உதவும்.

பாட்டியின் பக்கம் வருவோம். காலை நீட்டி உட்கார்ந்து, குழந்தையைக் கால்மீது கிடத்தி அவர் ஊற்றுகிற பாங்கு எந்த டப்பிலும் வராது. அதை மாற்றச் சொல்லமாட்டேன். எண்ணெயும் இருக்கட்டும், சுத்தமான தேங்காய் எண்ணெயாக. கடுகு எண்ணெயும் ஆலிவ் எண்ணெயும் தோலின் தடுப்பைக் கெடுக்கின்றன, அவை வேண்டாம். மதுரை வெயிலில் எண்ணெய் அதிகமானால் வேர்க்குரு வரும், ஆகவே மெல்லிய பூச்சே போதும். மூக்கிலும் காதிலும் ஒரு சொட்டும் கூடாது. மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலுக்குப் போய் நிமோனியாவை உண்டாக்கும். சளிக்கு என்று எண்ணெயில் கற்பூரம் காய்ச்சித் தடவுவதையும் நீலகிரித் தைலத்தையும் கண்டிப்பாக மறுத்துவிடுங்கள். இரண்டாலும் வலிப்பு வரலாம்.

பயற்றம் மாவை மட்டும் நிறுத்தச் சொல்லுங்கள். எவ்வளவு சலித்தாலும் குருணை இருக்கும்; உருவும்போது மேல் தோல் சிராய்க்கும். இன்னொன்றும் உண்டு. வேர்க்கடலை எண்ணெய் கலந்த க்ரீம் பூசிய குழந்தைகளுக்குப் பின்னாளில் வேர்க்கடலை ஒவ்வாமை அதிகம் இருந்ததை 2003-ல் வெளியான பிரிட்டன் ஆய்வு ஒன்று காட்டியது. பயற்றம் மாவுக்கு அதே அளவு சான்று இருப்பதாகச் சொல்லமாட்டேன். ஆனாலும் உணவாக வாய்வழி அறிமுகமாக வேண்டியது சிராய்த்த தோல் வழியே அறிமுகமாக வேண்டாம். பாட்டியிடம் ‘டாக்டர் திட்டினார்’ என்று என் தலையில் பழியைப் போட்டுவிடுங்கள்.

தண்ணீர் விளாவும்போது முதலில் பச்சைத் தண்ணீர், பிறகு வெந்நீர். முழங்கையை விட்டுப் பார்த்தால் சூடு தெரியக்கூடாது, குளிர்ச்சியும் தெரியக்கூடாது. ஐந்து முதல் பத்து நிமிடத்துக்குள் குளித்து முடிக்க வேண்டும்.

நீங்கள் கேட்காத ஒன்று: பீரோவில் பாச்சை உருண்டை போட்டு வைத்த பழைய குழந்தைத் துணிகள் இருந்தால் அவற்றைக் குழந்தைக்குப் போடாதீர்கள். ஜி6பிடி என்ற நொதி குறைந்த குழந்தைகளுக்கு உருண்டையில் உள்ள நாப்தலின் சிவப்பணுக்களைச் சிதைத்து, மஞ்சள் காமாலையைக் கடுமையாக்கும்.

கன்னத்துப் பருக்கள் இந்த வயதில் பல குழந்தைகளுக்கு வருவதுதான். எதுவும் பூசாமலே சில வாரங்களில் மறையும். சீழ்க் கொப்புளங்கள் வந்தாலோ, சிவப்பு வேகமாகப் பரவினாலோ, பால் குடிப்பது குறைந்தாலோ, காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டாலோ அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். இல்லையென்றால் அடுத்த வாரம் 45 நாள் ஊசிக்குப் போகும்போது அந்தக் கழுத்தையும் காட்டுங்கள். கொலோனைக் கணவரிடம் கொடுத்துவிடலாம்; ஆனால் அதைப் பூசிக்கொண்டு அவர் குழந்தையைத் தூக்க வேண்டாம்.