செருப்பைக் கழற்றாமல் படுக்கும் அம்மா

கேள்வி: அன்புள்ள அக்காவுக்கு, மியான்மரின் மாண்டலேயிலிருந்து எழுதுகிறேன். வயது 27. நிலநடுக்கத்துக்குப் பிறகு நண்பர்கள் ஒன்பது பேர் சேர்ந்து நிவாரண வேலை செய்கிறோம். முதலில் அரிசி, தண்ணீர், தார்ப்பாய் கொடுத்தோம். இப்போது மனம் உடைந்தவர்களுக்காக ஆறுதல் கூட்டம் நடத்துகிறோம். வட்டமாக உட்காரவைத்து, அன்றைக்கு என்ன பார்த்தார்கள், யாரை இழந்தார்கள் என்று ஒவ்வொருவரையும் சொல்லச் சொல்வோம். அழுதால் பாரம் இறங்கும் என்றுதான். ஆனால் முதல் வாரம் இருபது பேர் வந்தால் அடுத்த வாரம் ஏழெட்டுப் பேர்தான் வருகிறார்கள். எனக்கும் தூக்கம் குறைந்துவிட்டது. முறையாகப் பயிற்சி எடுத்துக்கொண்டால் சரியாகுமா? வீட்டில் அம்மா மட்டும்தான், அப்பா இல்லை. நான் வீடு திரும்ப ராத்திரி ஒன்பதுக்கு மேல் ஆகிவிடும். மழை ஆரம்பித்தும் அம்மா முன்திண்ணையில்தான் படுக்கிறார், செருப்பைக்கூடக் கழற்றுவதில்லை. உள்ளே வந்து படுங்கள் என்றால் கேட்பதில்லை. கடையில் தூக்க மாத்திரை வாங்கிக் கொடுத்தேன், அதையும் தொடவில்லை.

பதில்: தம்பி, உன் கடிதம் மூன்று பக்கம். இங்கே சுருக்கித்தான் போட்டிருக்கிறேன். அந்த மூன்று பக்கத்தில் அம்மாவுக்கு நீ ஒதுக்கியது நாலு வரி, அதுவும் கடைசியில். மற்றதையெல்லாம் வேகமாகப் படித்துவிட்டு அந்த நாலு வரியில்தான் நின்றுவிட்டேன்.

செருப்பைக் கழற்றாமல் படுக்கிறார் என்கிறாய். ஏன் என்று கேட்டாயா? கேட்டிருந்தால் எழுதியிருப்பாய். முன்பின் தெரியாத இருபது பேரிடம் "அன்றைக்கு என்ன பார்த்தீர்கள்" என்று கேட்க முடிகிறது. பெற்ற தாயிடம் "ஏம்மா செருப்போடு படுக்கிறீங்க" என்று ஒரு வார்த்தை கேட்க இத்தனை மாதமாக உனக்கு நேரம் கிடைக்கவில்லை.

நீ கேட்காததால் நான் யோசித்துப் பார்த்தேன். 2025 மார்ச் 28, வெள்ளிக்கிழமை, பகல் 12:50. அளவு 7.7. அது அடங்கி, ஜனங்கள் தெருவில் நின்று மூச்சு வாங்குவதற்குள், பத்துப் பன்னிரண்டு நிமிஷத்தில் இன்னொரு பெரிய குலுக்கல். அதற்கப்புறம் வாரக்கணக்காகச் சின்னதும் பெரியதுமாக அதிர்வுகள். வெறுங்காலோடு ஓடியவர்கள் ஓட்டுச் சில்லிலும் கண்ணாடியிலும் கால் கிழிந்து நின்றதை உன் அம்மா பார்த்திருப்பார். அவரே அப்படி ஓடியிருக்கலாம். பூமி ஒரு தடவையோடு நிற்காது என்று அன்றைக்குப் படித்துக்கொண்ட பெண், அடுத்த தடவைக்குத் தயாராகப் படுக்கிறார். இதில் என்ன கோளாறு? நிலநடுக்கம் அடிக்கடி வரும் நாடுகளில் கட்டில் பக்கத்தில் செருப்பும் டார்ச்சும் வைத்துக்கொண்டு படுக்கச் சொல்லித் தருகிறார்கள். நிலநடுக்கத்தைக் கிளப்புகிற சகாயிங் என்ற நிலப் பிளவு உங்கள் ஊரை ஒட்டியே ஓடுகிறது. யாரும் சொல்லித் தராமலே உன் அம்மா சரியான காரியத்தைச் செய்திருக்கிறார்.

அப்படி ஓடத் தயாராகப் படுக்கிறவருக்கு, எழுந்திருக்கவே முடியாதபடி ஒரு மாத்திரையை வாங்கி நீட்டியிருக்கிறாய். அவர் அதைத் தொடாததை வீம்பு என்று நினைத்துவிட்டாய். எனக்கு அது புத்திசாலித்தனமாகத்தான் தெரிகிறது. பேரிடர் நடந்த முதல் மாதத்தில் தூக்கம் வராத பெரியவர்களுக்கு இந்த வகை மயக்க மாத்திரைகளைக் கொடுக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனமே 2013-ல் சொல்லியிருக்கிறது. மாதங்கள் கடந்துவிட்டதால் கடைக்காரர் எடுத்துக் கொடுப்பதைக் கொடுக்கலாம் என்று ஆகிவிடாது. பழகிப்போனால் விடுவது கஷ்டம். வயதானவர்கள் ராத்திரி எழுந்தால் தடுமாறி விழுவார்கள். அந்த அட்டையை இன்றைக்கே வீட்டிலிருந்து அப்புறப்படுத்து. தேவை என்று ஒரு டாக்டர் பார்த்துச் சொன்னால் அது வேறு.

இன்னொன்றும் கவனித்தேன். "உள்ளே வந்து படுங்கள்" என்று சொல்வதாக எழுதியிருக்கிறாய். அப்படியென்றால் நீ உள்ளே படுக்கிறாய். ஒன்பது மணிக்கு மேல் வந்து, சாப்பிட்டு, களைத்துப்போய்த் தூங்குகிறாய். குலுங்கினால் உன்னை எழுப்பிக் கூட்டிக்கொண்டு ஓட ஒருத்தர் வாசலில் வேண்டும் அல்லவா? கணவரும் இல்லாத வீட்டில் அந்தக் காவலுக்கு வேறு யார் இருக்கிறார்கள்? என் ஊகம் தப்பாக இருக்கலாம். ஆனால் அவரிடம் கேட்காதவரை அது தப்பு என்று உன்னால் சொல்ல முடியாது.

என் பாட்டி கதவுப் பக்கம் தலை வைத்துத்தான் படுப்பார். 1941 டிசம்பர் 23-ல் ரங்கூனில் ஜப்பான்காரன் குண்டு போட்ட நாளிலிருந்து அப்படி. அடுத்த வருஷம் லட்சக்கணக்கான நம் சனங்கள் அரக்கான் வழியாகவும் மணிப்பூர் வழியாகவும் இந்தியாவுக்கு நடந்தார்கள். வழியில் செத்துப்போனவர்களுக்குச் சரியான கணக்கே கிடையாது. பாட்டி கிளம்பவில்லை, இங்கேயே தங்கிவிட்டார். நான் பிறந்து வளர்ந்து பள்ளிக்கூடம் போன காலத்திலும் அதே கதவு, அதே தலைமாடு. பேரப்பிள்ளைகள் நாங்கள் அதைச் சொல்லிச் சிரிப்போம். பாட்டியும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்வார். ஏன் பாட்டி என்று ஒருத்தரும் உட்கார்ந்து கேட்டதில்லை. கேட்க வேண்டிய வயது எனக்கு வந்தபோது பாட்டி இல்லை. எங்கள் வீட்டில் நடந்த பெரிய தப்பு அதுதான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். நீயும் அதையே செய்வதைப் பார்த்துக்கொண்டு என்னால் மென்மையாக எழுத முடியவில்லை.

சரி, உன் கூட்டத்துக்கு வருகிறேன். அதை நிறுத்து.

நீங்கள் நல்ல மனசோடுதான் செய்கிறீர்கள், தெரியும். ஆனால் பேரழிவில் தப்பி வந்தவர்களை உட்காரவைத்து நடந்ததை வரிசையாகச் சொல்லவைப்பது உதவாது, சிலருக்குக் கெடுதலும் செய்யும். ஆராய்ந்து பார்த்துவிட்டுத்தான் அந்த முறை வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டார்கள். உலக சுகாதார நிறுவனமும் அதைத்தான் சொல்கிறது. மனநல முதலுதவி என்று 2011-ல் அவர்கள் கொண்டுவந்த கையேட்டின் சாரம் மூன்றே வார்த்தை: பார், கேள், சேர்த்துவிடு. யாருக்கு என்ன உடனடித் தேவை, எங்கே ஆபத்து என்று பார். பேச வந்தால் காதுகொடுத்துக் கேள், பேசாவிட்டால் நோண்டாதே. உறவுக்காரரிடமோ, மருத்துவரிடமோ, அரிசி கொடுக்கிற இடத்திலோ சேர்த்துவிடு. அடுத்த வாரம் வராதவர்கள் உன் திறமைக் குறைவால் வராமல் போகவில்லை. ஊர் பார்க்க ஒரு தடவை கிழித்துக் காட்டியதை மறுபடி கிழிக்க அவர்களுக்குத் தெம்பு இல்லை.

2008-ல் நர்கீஸ் புயல் முடிந்து ஐராவதி டெல்டா பக்கம் போனவர்களில் நானும் ஒருத்தி. ஏறத்தாழ 1,38,000 பேர் செத்தும் காணாமலும் போன புயல் அது. ஒரு பௌத்த மடத்தில் ஒதுங்கியிருந்த ஒரு பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்து, "என்னம்மா நடந்தது, சொல்லுங்க" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "மூடியோட ஒரு பாத்திரம் கிடைக்குமா?" என்று கேட்டார். பிடித்துவைத்த தண்ணீரில் குப்பை விழாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். வாங்கிக் கொடுத்தேன். நாலு நாள் கழித்து, கேட்காமலே, ஒரு பையனின் பெயரை மட்டும் சொன்னார். நானும் வேறெதுவும் கேட்கவில்லை.

ஐ.நா. அமைப்புகளும் தொண்டு நிறுவனங்களும் சேர்ந்து 2007-ல் ஒரு வழிகாட்டி கொண்டுவந்தன. அதில் மன ஆறுதலை ஒரு பிரமிடு மாதிரி நாலு அடுக்காக வரைந்திருப்பார்கள். அகலமான அடித்தட்டு சோறு, தண்ணீர், கூரை, பாதுகாப்பு. அதற்கு மேல் குடும்பமும் ஊரும். அப்புறம் பயிற்சி பெற்றவர்கள் தருகிற துணை. டாக்டர் உச்சியில், கொஞ்சம் பேருக்கு மட்டும். அரிசியும் தார்ப்பாயும் கொடுத்தபோது நீ மனநல உதவிதான் செய்துகொண்டிருந்தாய். அதைச் சின்ன வேலை என்று நினைத்துத்தானே கூட்டத்துக்குத் தாவினாய்? உச்சியில் இருப்பவர்களையும் மறந்துவிடாதே. போர் நடந்த பகுதிகளில் ஐந்தில் ஒருவருக்கு ஏதோ ஒரு மனநோய் இருக்கும் என்று 2019-ல் கணக்கிட்டிருக்கிறார்கள், நம் நாட்டில் நிலநடுக்கம் வருவதற்கு முன்பே சண்டைதான். சாப்பிடாமல், பேசாமல் முடங்கிக் கிடப்பவர், சாக வேண்டும் என்று சொல்பவர், முன்பே மனநோய்க்கு மருந்து சாப்பிட்டு இப்போது மருந்து இல்லாமல் நிற்பவர், இவர்களைக் கண்டால் கையோடு டாக்டரிடம் கூட்டிப்போ. பயிற்சி கிடைத்தால் எடுத்துக்கொள், நல்லதுதான். ஆனால் வீட்டு வேலை முடிந்த பிறகு.

தனக்கு மிஞ்சித்தான் தானம் என்று நான் சொல்ல வரவில்லை. அந்தப் பழமொழியைச் சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டவர்களை நிறையப் பார்த்தவள் நான். ஊருக்கு ஓடுகிற பிள்ளைகள் வேண்டும். ஆனால் அப்பா இல்லாத வீட்டில் ஒரே பிள்ளைக்கு முதல் கடமை அம்மாதான். இதில் எனக்கு இரண்டு அபிப்பிராயம் கிடையாது.

முதலில் ஒரு கொத்தனாரைக் கூட்டிவந்து வீட்டைக் காட்டு. சுவரில் எது வெறும் பூச்சு விரிசல், எது ஆபத்து என்று அவர் அம்மா எதிரில் சொல்லட்டும். நீ சொல்கிற "ஒண்ணும் ஆகாதும்மா"வை அவர் நம்ப மாட்டார், நம்பவும் கூடாது. விழக்கூடிய செங்கல் இருந்தால் நீயும் அம்மாவோடு திண்ணைக்கு வந்துவிடு, சாரல் அடிக்காமல் தார்ப்பாய் கட்டு. ஊருக்கெல்லாம் கட்டினாயே. வீடு தாங்கும் என்றால், எந்த வழியாக ஓடுவது, எங்கே போய் நிற்பது என்று இரண்டு பேரும் ஒரு சாயங்காலம் நடந்து பாருங்கள். வாரத்தில் நாலு நாளாவது விளக்கு வைக்கிற நேரத்துக்கு வீட்டில் இரு. நீ தூங்காமல் வேலை செய்தால் இன்னும் இரண்டு மாதத்தில் உன்னையும் யாராவது பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கும், அதுவும் அம்மா தலையில்தான் விழும். அப்புறம், அவரையும் உங்கள் வேலையில் சேர்த்துக்கொள். தெருவில் படுத்தவர்களுக்கு என்ன தேவை என்று உங்கள் ஒன்பது பேரைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். கையில் வேலையும் பேச நாலு பெண்களும் இருந்தால் பகல் நகரும், பகல் நகர்ந்தால் ராத்திரி கண் மூடும்.

இன்றைக்கு ராத்திரி உன் செருப்பையும் எடுத்துக்கொண்டு போய்த் திண்ணையில் அவர் பக்கத்தில் படு. "இன்னைக்கு நான் முழிச்சிருக்கேன், நீங்க தூங்குங்க" என்று சொல்.