ஓர் அடிமைப் பெண்ணின் வக்கீல்

கேள்வி: அமெரிக்காவில் அடிமை முறையை ஒழித்தவர் லிங்கன் என்றே பள்ளியில் படித்தோம். அவருக்கு எண்பது ஆண்டுகளுக்கு முன்பே ஒரு வக்கீல் நீதிமன்றத்தில் வாதாடி ஓர் அடிமைப் பெண்ணுக்கு விடுதலை பெற்றுத் தந்தாராமே! அவர் யார்? அந்தப் பெண் பிறகு என்ன ஆனார்?
— வாசகி, கும்பகோணம்

பதில்: நீங்கள் கேள்விப்பட்டது உண்மைதான். அந்த வக்கீலின் பெயர் தியோடர் செட்ஜ்விக். 1746-இல் கனெக்டிகட்டில் பிறந்து, இளம் வயதிலேயே தந்தையை இழந்தவர். அண்ணனின் உதவியால் யேல் கல்லூரிக்குப் போனார். படிப்பை முடிக்காமலே வெளியேறினார். சமய போதகராகலாம் என்று முதலில் நினைத்தவர், பிறகு சட்டம் பயின்று, மாசசூசெட்ஸின் மேற்குக் கோடியிலுள்ள ஷெஃபீல்டு என்ற சிற்றூரில் தொழில் நடத்தினார்.

அவ்வூரின் பெரிய மனிதர் கர்னல் ஜான் ஆஷ்லி. நிலமும் செல்வாக்கும் உடையவர்; நீதிபதியாகவும் இருந்தவர். 1773 ஜனவரியில் அவர் வீட்டில் ஊர்ப் பிரமுகர்கள் கூடி, மனிதர்கள் இயற்கையில் சமமானவர்கள், சுதந்திரமானவர்கள் என்று பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிராக ஒரு தீர்மானம் எழுதினார்கள். அதை எழுதியதில் செட்ஜ்விக்குக்கு முக்கியப் பங்குண்டு. அந்த வீட்டு அடிமைகளில் ஒருவர்தான் நீங்கள் கேட்கும் பெண், பெட்.

செட்ஜ்விக்கின் மகள் கேத்தரின் பிற்காலத்தில் எழுதிவைத்த ஒரு நிகழ்ச்சியைச் சொல்ல வேண்டும். ஆஷ்லியின் மனைவி ஒருநாள் கோபத்தில், அடுப்பில் பழுக்கக் காய்ந்த இரும்புக் கரண்டியை லிஸ்ஸி என்ற பெண்ணின் மேல் ஓங்கியபோது, பெட் குறுக்கே பாய்ந்து அந்த அடியைத் தன் கையில் வாங்கிக்கொண்டார். காயம் ஆறிய பிறகும் தழும்பை அவர் மூடி மறைக்கவில்லை. கையில் என்ன என்று யாராவது கேட்டால், "எஜமானியம்மாவைக் கேளுங்கள்" என்பாராம்.

1780-இல் மாசசூசெட்ஸுக்கு அரசியல் சட்டம் வந்தது. எல்லா மனிதரும் சுதந்திரமாகவும் சமமாகவும் பிறந்தவர்கள் என்று அதன் முதல் பிரிவே கூறியது. எழுதப் படிக்கத் தெரியாத பெட், இந்தக் கருத்தைப் பிறர் சொல்லக் கேட்டு, அது தனக்கும் பொருந்தும்தானே என்று செட்ஜ்விக்கிடம் வந்து நின்றார். இந்த வழக்கைத் தொடங்கியவர் பெட்தான் என்பதை நாம் மறந்துவிடக் கூடாது. ஊரின் பெரிய மனிதரை, அதிலும் தமக்குப் பழக்கமானவரை, எதிர்த்து வாதாட ஒப்புக்கொண்டது செட்ஜ்விக்கின் பெருமை.

அவர் கையாண்ட வழியும் கவனிக்கத்தக்கது. தன் சொத்தைப் பிறர் பிடித்துவைத்திருந்தால் அதை மீட்பதற்கென்று ஒரு ரிட், அதாவது நீதிமன்ற ஆணை, உண்டு. ஆஷ்லியின் மற்றோர் அடிமையான பிராமையும் பெட்டுடன் சேர்த்து, இருவரையும் விடுவிக்கக் கோரி அந்த ரிட்டைப் பெற்றார். இவர்கள் ஆயுள் முழுவதும் தம் ஊழியர்கள் என்று கூறி ஆஷ்லி விட மறுத்தார். வழக்கு 1781 ஆகஸ்டில் கிரேட் பாரிங்டன் நீதிமன்றத்துக்கு வந்தது. செட்ஜ்விக்கும், லிட்ச்ஃபீல்டில் புகழ்பெற்ற சட்டப் பள்ளியை நடத்திய டாப்பிங் ரீவும் சேர்ந்து வாதாடினார்கள். ஜூரிகள் இருவரையும் அடிமைகள் அல்லர் என்று அறிவித்து, ஆஷ்லி 30 ஷில்லிங் இழப்பீடு தர வேண்டும் என்றார்கள். முதலில் மேல்முறையீடு செய்த ஆஷ்லி, பிறகு அதைக் கைவிட்டார். அதே காலத்தில் குவாக் வாக்கர் என்ற மற்றோர் அடிமையின் வழக்குகளிலும் அடிமை முறைக்கு எதிராகத் தீர்ப்பு வந்தது. 1790-இல் நடந்த முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மாசசூசெட்ஸில் அடிமைகள் எவரும் பதிவாகவில்லை.

செட்ஜ்விக் மாநிலச் சட்டமன்றத்தின் இரு அவைகளிலும் இருந்தார். பின்னர் அமெரிக்க செனட் உறுப்பினர், பிரதிநிதிகள் சபையின் சபாநாயகர், 1802 முதல் 1813-இல் இறக்கும்வரை மாநில உச்ச நீதிமன்ற நீதிபதி. பதவிகள் பெரியவைதான், ஆனாலும் எனக்கு அவருடைய நினைவு அந்த ஒரு வழக்கோடுதான் வருகிறது.

பெட், எலிசபெத் ஃப்ரீமேன் என்று பெயர் சூட்டிக்கொண்டார். கூலி தருகிறேன், திரும்பி வா என்று ஆஷ்லி அழைத்தும் போகாமல், செட்ஜ்விக் வீட்டில் சம்பளத்துக்கு வேலைசெய்து அவருடைய குழந்தைகளை வளர்த்தார். 1787-இல் ஷேஸ் கலகக்காரர்கள், அதாவது மாநில அரசுக்கு எதிராகக் கிளம்பிய கடன்பட்ட விவசாயிகள், செட்ஜ்விக் பின்னர் குடிபோன ஸ்டாக்பிரிட்ஜ் என்ற ஊரில் அவர் வீட்டுக்குள் புகுந்தபோது, பெட் வெள்ளிப் பாத்திரங்களைத் தன் பெட்டிக்குள் போட்டு ஒளித்துவைத்தார். ஒரு வேலைக்காரியின் பெட்டியையா கிளறப்போகிறீர்கள் என்று அவர் கேட்ட கேள்வியில் வந்தவர்கள் வெட்கிப் பெட்டியைத் திறக்காமலே போனார்கள். 1829-இல் இறந்த அவரை ஸ்டாக்பிரிட்ஜில் செட்ஜ்விக் குடும்பத்தாரின் கல்லறைகளுக்கு நடுவிலேயே அடக்கம் செய்தார்கள். அவருடைய கல்லில், "நல்ல தாயே, சென்று வா" என்று பொறித்திருக்கிறார்கள்.