அதிகாரமும் லாச்சிச் சாவியும் – வாசகர் கடிதம்

அன்பின் ஐயா,

கல்முனையில் ஒரு ஹாட்வெயார் கடைக்குப் பொறுப்பாக இருக்கிறேன். எனக்குக் கீழே ஒன்பது பேர். முதலாளி கொழும்பில். போன மாதம் மட்டக்களப்பில் ஒருநாள் பயிற்சிக்குப் போனேன். தலைவருக்கு ஐந்து வகை அதிகாரம் என்று பலகையில் எழுதினார்கள்: பதவி, வெகுமதி, தண்டனை, நிபுணத்துவம், ஆளின் மேலுள்ள மதிப்பு. இவற்றை வைத்து ஊழியர்களை வலுவூட்டச் சொன்னார்கள். வந்த கையோடு கவுண்டரில் நிற்கும் தம்பியிடம், "விலைக்கழிவை இனி நீயே தீர்மானி" என்றேன். அவன் ஐம்பது பை சீமெந்துக்கு, பெயின்டுக்குக் கொடுப்பதுபோல 10 வீதம் கழித்துவிட்டான். முதலாளி போனில் ஏசியது என்னைத்தான். அந்த உரிமையைத் திரும்ப எடுத்துவிட்டேன். தம்பி இப்போது என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. ஐந்தில் நான் எதைப் பிடிப்பது?

ஒரு வாசகி, கல்முனை

அன்பின் தங்கச்சி,

எடுத்தது பிழை என்று சொல்ல மாட்டேன். ஐம்பது பை சீமெந்து விளையாட்டில்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன். சீமெந்தில் பைக்கு எவ்வளவு மிஞ்சும், பெயின்டில் எவ்வளவு மிஞ்சும் என்று அந்தத் தம்பிக்கு எப்போதாவது சொன்னீர்களா? கொள்விலை எழுதிய கொப்பி உங்கள் லாச்சியில்தானே கிடக்கிறது?

பலகையில் எழுதிய அந்த ஐந்தும் ஜோன் பிரெஞ்ச், பேர்ட்றம் ரேவன் என்ற இரு உளவியலாளர்கள் 1959இல் பிரித்துச் சொன்னவை. 1965இல் ரேவன் ஆறாவதாகத் தகவலையும் சேர்த்தார். பயிற்சிகளில் பெரும்பாலும் ஐந்தோடு நிறுத்திவிடுவார்கள். உங்கள் கடைக்கு வேண்டியதோ அந்த ஆறாவதுதான்.

லாச்சியைப் பற்றி நான் இவ்வளவு கேட்பதற்குக் காரணம் உண்டு. இருபத்து மூன்று வயதில் சம்மாந்துறைப் பக்கம் ஒரு தனியார் அரிசி ஆலையில் நெல் வாங்கும் வேலை பார்த்தேன். "வாங்குவதும் விடுவதும் உன் பொறுப்பு" என்று முதலாளி எல்லார் முன்னாலும் சொன்னார். எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. நெல்லில் ஈரம் 14 வீதத்துக்கு மேல் இருந்தால் கிட்டங்கியில் வைக்க முடியாது. அதை அளக்கும் மானி ஒன்றே ஒன்றுதான், அதுவும் முதலாளியின் லாச்சிக்குள். சாவி அவர் இடுப்பில். நான் பழைய ஆட்களைப் போல நெல்லைப் பல்லில் கடித்துப் பார்ப்பேன். அவர்களுக்கு அது முப்பது வருடப் பழக்கம், எனக்கு மூன்று மாதம். ஒரு ட்ரக்டர் லோட் ஈர நெல்லை வாங்கிவிட்டேன். அன்று ஆலை முற்றத்தில் நான் வாங்கிய ஏச்சை இங்கே எழுத முடியாது. அதற்குப் பிறகு ஒவ்வொரு மூடைக்கும் அவரையே கூப்பிட்டேன். அவரும் "பொடியனுக்குப் பொறுப்பே இல்லை" என்று ஊரெல்லாம் சொன்னார்.

உங்கள் தம்பிக்கு நடந்ததும் இதுதான்.

மற்ற அதிகாரங்கள் எல்லாமே ஒன்றுபோலக் கைமாறுவதில்லை. தண்டிக்கும் அதிகாரத்தைப் பகிர்ந்தால் கடைக்கு இரண்டு முதலாளிகள் ஆகிவிடுவார்கள், அவ்வளவுதான். சம்பள உயர்வு உங்கள் கையில் இல்லை, அதை விடுவோம். நிபுணத்துவத்தைக் கொடுக்கலாம், ஆனால் அது மெதுவாகத்தான் போகும். தொழில் தெரிந்தவர் பலர் அதைப் பொத்திப் பொத்தி வைத்தே காலத்தை ஓட்டுகிறார்கள்.

மதிப்பால் வரும் அதிகாரத்தை வெறும் பேச்சு என்று ஒதுக்கிவிடாதீர்கள். நம் அம்பாறையிலேயே அதற்குச் சாட்சி உண்டு. 1981இல் கல்லோயா நீர்ப்பாசனத் திட்டத்தின் இடதுகரையில் கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவகமும் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகமும் சேர்ந்து இளம் பட்டதாரிகளை விவசாயிகளோடு தங்கி வேலை செய்ய விட்டன. அவர்களுக்குப் பதவி அதிகாரமும் இல்லை, கொடுக்கக் காசும் இல்லை. குளத்தில் தண்ணீர் குறைந்திருந்த போகம் வேறு. வீடு வீடாகப் போய் உட்கார்ந்து பேசினார்கள். விவசாயிகள் தாங்களே கூடி வாய்க்காலைத் துப்புரவாக்கினார்கள், முறை வைத்துப் பாய்ச்சினார்கள், மேலே உள்ளவர்கள் மிச்சம் பிடித்த தண்ணீரைக் கடைசியில் இருந்தவர்களுக்கு விட்டார்கள். எத்தனை சுற்றறிக்கை அனுப்பினாலும் நடந்திருக்காது.

இனி உங்கள் பக்கம். ரோசபெத் மோஸ் கான்டர் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1977இல் ஒன்று எழுதினார்: பொறுப்பு இருந்து அதிகாரம் இல்லாதவர்தான் கீழே உள்ளவர்களை ஆக இறுக்கிப் பிடிப்பார். கொழும்பிலிருந்து ஒரு போன் வந்ததும் நீங்கள் தம்பியின் கையைக் கட்டினீர்களே, அது இதுதான். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? கோபிக்க வேண்டாம், உங்கள் சட்டியை முதலில் பார்க்கச் சொல்கிறேன். எந்தச் சாமானுக்கு எத்தனை வீதம் வரைக்கும் கேட்காமல் கழிக்கலாம் என்று முதலாளியிடம் எழுத்தில் வாங்குங்கள். வாட்ஸ்அப்பில் வந்தாலும் போதும்.

அப்புறம் கொப்பியை எடுத்துக்கொண்டு தம்பியிடம் போங்கள். தேத்தண்ணி நேரத்தில், மற்றவர்கள் இல்லாதபோது. "கணக்கைக் காட்டாமல் உன்னிடம் கொடுத்தது என் பிழை" என்று சொல்லுங்கள். பெயின்டிலும் பைப் சாமானிலும் மட்டும் அவன் கழிக்கட்டும், மாலையில் பில்லை இரண்டு பேரும் சேர்ந்து பாருங்கள். சீமெந்தைப் பெரும்போக அறுவடை முடியும்வரை உங்கள் கையிலேயே வைத்திருங்கள். நெல் விற்ற காசோடு வீடு கட்டுகிறவர்கள் வருவார்கள். அந்த நெரிசலில் பக்கத்தில் நிறுத்தி வைத்தால் விலை பேசுவதை அவனே பார்த்துப் பழகிக்கொள்வான்.