வெனிஸில் நல்ல சாப்பாடு எங்கே கிடைக்கும்? அங்கே சாப்பாடு மோசம், விலையும் கொள்ளை என்கிறார்களே, உண்மையா?

விலை கொள்ளை என்பது பல இடங்களில் உண்மை. சாப்பாடு மோசம் என்பது பொய். இந்த இரண்டாவது பேச்சைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஆற்றாமை வருகிறது, அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

நீங்கள் சொல்லவில்லை, ஆனாலும் பாரிஸ், சுவிஸ் எல்லாம் முடித்துவிட்டு வெனிஸுக்கு ஒரே ஒரு பகல் ஒதுக்கியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். நம்மவர்கள் பெரும்பாலும் அப்படித்தான் வருகிறார்கள். காலையில் ஸ்டேஷனில் இறங்கி, கூட்டம் போகிற வழியிலேயே சான் மார்க்கோ சதுக்கம் வரை நடந்து, மூன்று மணிக்குப் பசி தாங்காமல் கண்ணில் பட்ட மேஜையில் உட்கார்ந்து, சூடு காட்டிய பீட்சாவைத் தின்றுவிட்டு, ஊருக்குப் போய் “வெனிஸ்ல ஒண்ணும் சரியில்ல” என்று சொல்வார்கள். பீட்சா நேப்பிள்ஸ்காரர்களுடையது. வெனிஸ்காரர்கள் சாப்பிடுவது அவர்களைச் சுற்றியிருக்கும் காயல் தருவதை. மீன், நண்டு, கணவாய், தீவுகளில் விளையும் காய்கறி, சோளமாவுக் களியான பொலெந்தா.

நான் சமையல் நிபுணர் இல்லை, முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். பதுவாவில் வேலை. அங்கிருந்து வெனிஸுக்கு ரயிலில் அரை மணி நேரம். ஊரிலிருந்து யார் வந்தாலும் அழைத்துப் போகிறவள் நான்தான்.

அப்படி வந்தவர்களில் என் சித்தப்பாவும் சித்தியும் உண்டு. சித்தப்பா தூத்துக்குடி துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மீன் வாங்குவதில் அவரை யாரும் ஏமாற்ற முடியாது. முதல் நாள் சித்திக்குக் கால் வலி என்று சான் மார்க்கோ பக்கம் ஓர் உணவகத்தில் உட்கார்ந்தோம். வாசலில் ஒருவர் நின்று கூப்பிடுகிறார், மெனு அட்டையில் படம் போட்டுப் பல மொழிகளில் எழுதியிருக்கிறது. மீன் கேட்டதும் தட்டில் முழு மீனைக் கொண்டுவந்து காட்டினார்கள். சித்தப்பா கேட்கவே இல்லை, விரலால் செவுளைத் தூக்கிப் பார்த்தார். பழுப்பு. கண்ணும் உள்ளே போயிருந்தது. “ஏட்டி, எந்திரி. இது ஐஸ்ல கெடந்த மீனு” என்றார். எழுந்துவிட்டோம். தொடாத ரொட்டிக்கும் ஆள் கணக்குக்கும் காசு கேட்டார்கள், கொடுத்துவிட்டு வந்தோம்.

அந்த அட்டையில் மீனுக்கு நேரே இருந்த விலையும் சின்னதாகத்தான் தெரிந்தது. பக்கத்தில் ‘எத்தோ’ என்று போட்டிருந்தால் அது நூறு கிராமுக்கான விலை. முக்கால் கிலோ மீன் வந்தால் ஏழரை மடங்கு கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ‘கொபெர்தோ’ என்பது உட்கார்ந்ததற்கான கட்டணம், ஆளுக்கு இரண்டு மூன்று யூரோ. இது இத்தாலியில் பல இடங்களில் உள்ள வழக்கம், மோசடி இல்லை, ஆனால் அட்டையில் எழுதியிருக்க வேண்டும். பெயருக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி இருந்தால் அது உறைய வைத்த சரக்கு.

மறுநாள் காலை ரியால்தோ மீன் சந்தைக்கு அழைத்துப் போனேன். சித்தப்பாவின் முகம் மாறிவிட்டது. சாளை, கணவாய், உயிரோடு நெளியும் இறால், நத்தை என்று ஒவ்வொரு பலகையாக நின்று பார்த்தார். சந்தைச் சுவரில் ஒரு பழைய கல்வெட்டு இருக்கிறது. எந்த மீன் எத்தனை நீளத்துக்குக் குறைந்தால் விற்கக் கூடாது என்ற பட்டியல். விலாங்கு என்றால் 25 சென்டிமீட்டர். அதை நான் படித்துச் சொன்னதும் சித்தப்பா, “குஞ்சப் புடிக்காதேன்னு கல்லுல வெட்டி வச்சிருக்கான் பாரு” என்று சித்தியைக் கூப்பிட்டுக் காட்டினார்.

உங்களுக்கான பதில் இந்தச் சந்தையைச் சுற்றித்தான் இருக்கிறது. பின் சந்துகளில் ‘பாக்கரோ’ எனப்படும் சின்னக் கடைகள். நின்றுகொண்டே சாப்பிட வேண்டும். கண்ணாடிப் பெட்டிக்குள் சின்னச் சின்னதாக ரொட்டித் துண்டின் மேலும் பொலெந்தாவின் மேலும் வைத்திருப்பார்கள், அதுதான் ‘சிக்கெத்தி’. விரலால் காட்டினால் போதும், மொழி வேண்டாம். இரண்டு மூன்று யூரோவுக்கு ஒன்று. கான்டினா தோ மோரி என்ற கடை 1462 முதல் நடப்பதாகச் சொல்கிறார்கள், கூரையெல்லாம் செம்புப் பாத்திரங்கள் தொங்கும். பக்கத்திலேயே ஆல்’ஆர்க்கோ. நகரத்தின் இன்னொரு பக்கம், தோர்சோதூரோ பகுதியில், கொண்டோலா படகு செப்பனிடும் பட்டறைக்கு எதிரே கான்டினே தெல் வீனோ ஜா ஸ்கியாவி. மூன்றிலும் கூட்டம் இருக்கும், நகர்ந்து நின்று இடம் கொடுப்பார்கள். “குடிக்கச் சொல்லித் தருகிறாள்” என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். ஒயின்தான் வழக்கம், தண்ணீர் கேட்டாலும் கொடுப்பார்கள், நான் தண்ணீர்தான்.

சித்தப்பாவுக்கு முதலில் வாங்கிக் கொடுத்தது சார்தே இன் சாவோர். பொரித்த சாளையின் மேல் வதக்கிய வெங்காயம், வினிகர், உலர்ந்த திராட்சை, பைன் பருப்பு போட்டு ஓரிரு நாள் ஊற வைப்பது. கடலோடிகள் கெடாமல் வைத்துச் சாப்பிடக் கண்ட வழி. இனிப்பைக் கண்டு சித்தி ஒதுங்கிவிட்டார், சித்தப்பா அவருடையதையும் சாப்பிட்டார்.

அடுத்தது பக்காலா மந்தெகாத்தோ. பார்க்க வெண்ணெய் மாதிரி இருக்கும், ஆனால் கருவாடு. நார்வேயின் லோஃபோதென் தீவுகளில் உப்பே போடாமல் குளிர்காற்றில் காய வைத்த காட் மீன். அதை நாள்கணக்கில் ஊற வைத்து, வேக வைத்து, எண்ணெய் விட்டு விட்டு நுரைக்க அடிப்பார்கள். 1431இல் கிரீட்டிலிருந்து ஃபிளாண்டர்ஸுக்கு ஒயின் ஏற்றிப் போன பியேத்ரோ குவெரினி என்ற வெனிஸ் வணிகரின் கப்பல் புயலில் சிக்கி, மிஞ்சியவர்கள் லோஃபோதெனின் ரோஸ்ட் தீவுப் பக்கம் கரையேறினார்கள். மீனவர்கள் அவர்களை மாதக்கணக்கில் வைத்துக் காப்பாற்றினார்கள். அந்த மீன் வெனிஸுக்கு வந்த கதையை இங்கே அவரிலிருந்துதான் தொடங்குவார்கள். “உப்பில்லாத கருவாடா?” என்று கேட்ட சித்தப்பா, இன்னும் இரண்டு காட்டி வாங்கினார்.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்று, சொல்லாமல் இருக்க முடியவில்லை. சித்தப்பாவுக்கு முதல் முறை இத்தாலி விசா மறுத்துவிட்டார்கள். ஓய்வூதியப் புத்தகம், வீட்டுப் பத்திரம், வங்கிக் கணக்கு, என் அழைப்புக் கடிதம் எல்லாம் கொடுத்தும், திரும்பிப் போவார் என்ற நம்பிக்கை இல்லையாம். வாழ்நாள் முழுக்க உழைத்து வீடு கட்டி, பேரப்பிள்ளைகளைப் பள்ளியில் கொண்டு விடுகிற மனிதர் எதற்கு இங்கே ஒளிந்து வாழப் போகிறார்? இரண்டாம் முறை கொடுத்தார்கள், தங்கும் நாட்களை எண்ணி எண்ணி. கட்டிய பணம் போனது போனதுதான். இங்கிருந்து நம் ஊருக்கு வருகிறவர்கள் இணையத்திலேயே விசா வாங்கிக்கொண்டு கோயில் கோயிலாகச் சுற்றுகிறார்கள்.

சரி, சாப்பாட்டுக்கு வருகிறேன். உட்கார்ந்துதான் சாப்பிடுவேன் என்றால் கன்னாரெஜ்ஜோ பகுதியில் மிசெரிகோர்தியா கால்வாய்க் கரைக்குப் போங்கள். பகல் சாப்பாடு பன்னிரண்டரையிலிருந்து இரண்டரை வரை. அதற்குப் பிறகு நல்ல சமையலறைகள் மூடிவிடும், மாலை ஏழுக்குத்தான் திறக்கும். சில சமையலறைகளில் வங்கதேசத்துப் பையன்கள் நிற்பதைப் பார்த்து “இது அசல் இல்லை” என்று முகம் சுளிக்காதீர்கள். இந்த நகரத்துக்குச் சமைத்துப் போடுகிறவர்களில் அவர்கள் பெரும் பங்கு. 1720இல் தொடங்கிய ஃப்ளோரியன் காபிக் கடைக்குப் போவதும் தப்பில்லை, வெளியே வாத்தியம் வாசிக்கும்போது உட்கார்ந்தால் அதற்குத் தனிக் கட்டணம் உண்டு. வாங்கிய சாப்பாட்டைப் பாலத்துப் படியிலோ சதுக்கத்திலோ உட்கார்ந்து பிரிக்காதீர்கள், அபராதம் போடுவார்கள்.

சைவக்காரர்கள் கவனம். ‘பிகோலி இன் சால்சா’ என்ற பாஸ்தா வெறும் வெங்காயச் சாறு மாதிரி தெரியும், அதில் நெத்திலி வகை மீன் கரைந்திருக்கும். அரிசியும் பச்சைப் பட்டாணியும் சேர்த்துச் செய்யும் ரிசி எ பிசியில் பெரும்பாலும் பன்றி இறைச்சித் துண்டு இருக்கும். கேட்டுத்தான் வாங்க வேண்டும். வசந்தத்தில் வந்தால் சான்ட் எராஸ்மோ தீவின் இளம் கூனைப்பூ (ஆர்ட்டிசோக்), முட்டை சாப்பிடுவீர்கள் என்றால் முட்டை வைத்த முக்கோண சாண்ட்விச் ‘த்ரமெஸ்ஸீனோ’, இரண்டும் துணை நிற்கும்.

ஞாயிறும் திங்களும் ரியால்தோ மீன் சந்தை கிடையாது. தேதி இன்னும் முடிவாகவில்லை என்றால் செவ்வாய்க்கும் சனிக்கும் நடுவே ஒரு காலையைப் பார்த்து வாருங்கள், மதியத்துக்குள் பலகைகளைக் கழுவிவிடுவார்கள்.