மகளின் புராஜெக்டுக்குக் காப்புரிமை: ஒரு தந்தையின் கேள்விக்குப் பதில்

அன்புள்ள ஐயா,

கணினி அறிவியல் மூன்றாம் ஆண்டு படிக்கும் தங்கள் மகள், அரசு மருத்துவமனையின் புறநோயாளிகள் பிரிவில் டோக்கன் வரிசையை ஒழுங்குபடுத்தும் மென்பொருள் ஒன்றை உருவாக்கியிருப்பதாகவும், ஒரு மாதத்தில் அதற்குப் பேட்டன்ட், அதாவது காப்புரிமை, வாங்கித் தருவதாக இடைத்தரகர் ஒருவர் பணம் கேட்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். வளாக நேர்காணலுக்கு அது கைகொடுக்குமா என்பது தங்கள் கேள்வி. பணத்தைக் கொடுக்க வேண்டாம். ஆனால் காப்புரிமை என்ற துறையையே மகள் ஒதுக்கிவிட வேண்டாம் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

ஒரு மாதத்தில் கிடைப்பது காப்புரிமை அன்று; விண்ணப்பத்தின் வெளியீடு மட்டுமே. நம் நாட்டில் தாக்கலாகும் விண்ணப்பம் பொதுவாக 18 மாதங்களுக்குப் பிறகு காப்புரிமை இதழில் வெளியாகும். தனிக் கட்டணம் செலுத்தி முன்கூட்டியே வெளியிடக் கேட்டால் ஏறத்தாழ ஒரு மாதத்தில் வந்துவிடும். அந்தக் கட்டத்தில் அதன் தகுதியை எந்த ஆய்வாளரும் எடைபோட்டிருக்க மாட்டார். பரிசோதனை கேட்டுத் தனியாக விண்ணப்பித்து, ஆய்வாளரின் ஆட்சேபங்களுக்குப் பதில் எழுதி, தேவைப்பட்டால் விசாரணையிலும் வாதிட்ட பிறகே உரிமை வழங்கப்படுகிறது. தனிநபர் ஒருவர் இணையவழியில் விண்ணப்பிக்க அரசுக் கட்டணம் 1,600 ரூபாய், பரிசோதனைக்கு 4,000 ரூபாய். தரகர் கேட்கும் தொகையை இவற்றோடு ஒப்பிட்டுப் பாருங்கள். விண்ணப்பத்தை எழுதித் தரும் காப்புரிமை முகவரின் பணிக்குக் கூலி உண்டுதான். ஆனால் உழைக்காதவர்களின் பெயர்களையும் கண்டுபிடிப்பாளர் பட்டியலில் சேர்த்துச் செலவைப் பங்கிட்டுக்கொள்ளலாம் என்று ஒருவர் சொன்னால், அவர் ஒரு சட்ட ஆவணத்தில் பொய் எழுதச் சொல்கிறார் என்றே பொருள்.

அடுத்தது, இந்தக் கண்டுபிடிப்புக்கு உரிமை கிடைக்குமா என்பது. 1970ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டத்தில் 3(கே) பிரிவு, கணித முறை, வணிக முறை, அல்காரிதம், வெறும் கணினி நிரல் ஆகியவற்றைக் கண்டுபிடிப்பாக ஏற்பதில்லை. பொதுச் சேவை, நிர்வாக நடைமுறை சார்ந்த விண்ணப்பங்களில் பல தடுமாறுவது இந்த இடத்தில்தான். முதியோரை முதலில் அழைப்பது, துறைவாரியாகப் பிரிப்பது, குறுஞ்செய்தி அனுப்புவது ஆகியவை எவ்வளவு பயனுள்ளவையாக இருந்தாலும் நிர்வாக விதிகளே. அவற்றைக் கணினியில் ஏற்றியதால் மட்டும் கண்டுபிடிப்பு ஆகிவிடுவதில்லை. அமெரிக்க உச்ச நீதிமன்றமும் 2014இல் ஆலிஸ் வழக்கில் ஏறக்குறைய இதையே சொன்னது. எனினும் கதவு முழுக்க மூடப்படவில்லை. ஃபெரிட் அலானி வழக்கில் 2019இல் தில்லி உயர் நீதிமன்றம், தடை வெறும் நிரலுக்கே உரியது என்றும், தொழில்நுட்ப விளைவையோ தொழில்நுட்ப முன்னேற்றத்தையோ காட்டும் கண்டுபிடிப்பைக் கணினி நிரலைச் சார்ந்தது என்பதற்காகவே மறுக்கக் கூடாது என்றும் தெளிவுபடுத்தியது. ஆகவே மகளிடம் இதைக் கேளுங்கள்: இணைப்பு அறுந்த நேரத்திலும் பல கவுன்ட்டர்களின் டோக்கன்கள் முரண்படாமல் இயங்கும் வழி ஏதேனும் அவருடைய அமைப்பில் உண்டா, அது ஏற்கெனவே உள்ள முறைகளிலிருந்து எப்படி வேறுபடுகிறது? உண்டு என்றால் பேசத் தகுந்த விஷயம் இருக்கிறது. இல்லை என்றால் அது நல்ல புராஜெக்ட். அதற்கு மேல் அதைத் தூக்கி நிறுத்த வேண்டியதில்லை.

விஷயம் இருக்கிறது என்று தெரிந்தால், கருத்தரங்கிலோ, நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்திலோ வெளியிடுவதற்கு முன் விண்ணப்பம் தாக்கலாக வேண்டும். முன்பே வெளியானது புதியதல்ல என்று உரிமை மறுக்கப்படலாம். இன்றும் இணையப் பாதுகாப்பில் பயன்படும் ஆர்எஸ்ஏ மறையாக்க முறை 1977 ஆகஸ்டில் ஓர் இதழில் வெளிவந்துவிட்டது. அது உருவான எம்ஐடி பல்கலைக்கழகம் அமெரிக்காவில் விண்ணப்பித்தது டிசம்பரில். அந்நாட்டுச் சட்டம் தந்த அவகாசத்தால் 1983இல் அங்கே உரிமை கிடைத்தது. ஏனைய நாடுகள் பலவற்றில் அந்த வழி அடைபட்டுப்போனது. நம் சட்டத்திலும் சில விதிவிலக்குகள் உண்டு, அவற்றை நம்பி இறங்குவது நல்லதல்ல. தற்காலிக விண்ணப்பம் ஒன்றைத் தாக்கல் செய்துவிட்டால், முழு விவரத்தை எழுதித் தர 12 மாதங்கள் கிடைக்கும். தமிழ்நாட்டிலிருந்து செல்லும் விண்ணப்பங்கள் கிண்டியில் உள்ள சென்னைக் காப்புரிமை அலுவலகத்தின் எல்லைக்குள் வருகின்றன.

இனி வேலைவாய்ப்பு. காப்புரிமை முகவராவதற்குச் சட்டப் பட்டம் தேவையில்லை என்பது பல பெற்றோருக்குத் தெரிவதில்லை. இந்தியக் குடிமகளாக, 21 வயது நிறைந்தவராக, அறிவியல், பொறியியல் அல்லது தொழில்நுட்பப் பட்டம் பெற்றவராக இருந்து, முகவர் தேர்வில் வென்றால் போதும். இரண்டு எழுத்துத் தாள்களிலும் தலா 50 விழுக்காடும், நேர்முகத்தையும் சேர்த்து மொத்தத்தில் 60 விழுக்காடும் வேண்டும். இத்தேர்வு ஆண்டுதோறும் தவறாமல் நடப்பதில்லை. ஆகவே இதை மட்டும் நம்பி வீட்டில் உட்கார்ந்து படிக்க வைக்காதீர்கள். அரசுப் பணியை விரும்பினால் காப்புரிமை ஆய்வாளர் பதவி இருக்கிறது: குரூப் ஏ நிலை, பொறியியல் பட்டம் போதும், தொடக்க அடிப்படைச் சம்பளம் 56,100 ரூபாய். இதற்கான அறிவிப்பும் எப்போதாவதுதான் வரும். இவை தவிர, ஏற்கெனவே உள்ள கண்டுபிடிப்புகளைத் தேடி அறிக்கை எழுதும் பகுப்பாய்வாளர்களைச் சட்ட நிறுவனங்களும் ஆலோசனை நிறுவனங்களும் வேலைக்கு எடுக்கின்றன. நிரல் எழுதத் தெரிந்து, அதன் நுட்பத்தைப் பிழையற்ற வாக்கியத்தில் விளக்கவும் தெரிந்தவர்கள் குறைவு என்பதே என் அனுபவம். எழுத்தில் ஆர்வமில்லாத பிள்ளையை இந்தத் துறைக்கு நான் அனுப்ப மாட்டேன்.

தங்கள் மகளுக்கு அந்த ஆர்வம் இருக்கிறதா என்று அறியச் செலவில்லாத வழி ஒன்று உண்டு. சர்வதேச காப்புரிமை வகைப்பாட்டில் அரசு மற்றும் பொதுச் சேவைக்கான முறைகள் 'ஜி06க்யூ' (G06Q) வகுப்பிலும், வருகைப் பதிவு, நுழைவுக் கட்டுப்பாடு, வாக்குப்பதிவு இயந்திரம் போன்றவை 'ஜி07சி' (G07C) வகுப்பிலும் இருக்கின்றன. கூகுள் பேட்டன்ட்ஸிலோ இந்திய அலுவலகத்தின் இலவசத் தேடுதளத்திலோ வரிசை மேலாண்மை தொடர்பான சில ஆவணங்களை எடுத்து, அவற்றின் இறுதியில், எதற்கு உரிமை கேட்கப்படுகிறது என்று வரையறுக்கும் உரிமைக் கோரிக்கைகளைப் படித்து, தம் அமைப்பு எங்கே வேறுபடுகிறது என்று இரண்டு பக்கம் எழுதட்டும். அதை எழுதும்போது சலிப்பு தட்டினால் வழக்கமான மென்பொருள் வேலையே அவருக்குப் பொருந்தும். பிடித்துப்போனால், உலக அறிவுசார் சொத்து அமைப்பு இணையவழியில் இலவசமாக நடத்தும் அடிப்படைப் பாடத்தில் சேரலாம். நேர்காணலிலும் அந்த இரண்டு பக்கம் பயன்படும்; தாமே எழுதியதைப் பற்றி எந்தக் கேள்வி வந்தாலும் அவரால் பதில் சொல்ல முடியும்.

தாக்கல் செய்வதாக முடிவெடுத்தால், அதற்கு முன் கல்லூரியின் அறிவுசார் சொத்துக் கொள்கையைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். மாணவரின் புராஜெக்ட் யாருக்குச் சொந்தம், கட்டணத்தை யார் செலுத்துவது, வழிகாட்டிய பேராசிரியரின் பெயர் எந்த அடிப்படையில் சேரும் என்பவற்றைத் துறைத் தலைவரிடமிருந்து எழுத்தில் பெற்றுக்கொள்வது நல்லது.

அன்புடன்,
தங்கள் ஆலோசகர்