மார்க் 2-க்குத்தான் என் ஓட்டு

கேள்வி: டீப் பர்ப்பிள் ராக் இசைக்குழுவில் ஆட்கள் மாறிக்கொண்டே இருந்தார்களாமே, இதில் எந்த அணியை அசல் என்பது?

பதில்: அசல்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால் டிரம்ஸ் வாசிக்கும் இயன் பெய்ஸைக் கைகாட்டுவேன். 1968-இல் இங்கிலாந்தில் தொடங்கியதிலிருந்து எல்லா அணியிலும் இருப்பவர் அவர் ஒருவரே. மற்றவர்கள் போவார்கள், சிலர் திரும்பியும் வருவார்கள். ரசிகர்கள் இந்த அணிகளுக்கு மார்க் 1, மார்க் 2 என்று கார் மாடல் மாதிரி எண் போட்டு வைத்திருக்கிறார்கள்.

எனக்குப் பிடித்தது மார்க் 2. 1969-இல் பாடகர் இயன் கில்லனும் பேஸ் கிதார் ரோஜர் குளோவரும் சேர்ந்த அணி. 1971 டிசம்பரில் ஆல்பம் பதிவுசெய்ய சுவிட்சர்லாந்தின் மோந்த்ரோவுக்குப் போனார்கள். அங்கே ஃபிராங்க் ஸாப்பா கச்சேரியில் யாரோ ஒரு ரசிகர் சுட்ட ஒளிக்குண்டில், பதிவுக்குப் பேசி வைத்திருந்த கேசினோவே எரிந்துபோனது. கடைசியில், குளிர்காலத்துக்கு மூடிக்கிடந்த ஹோட்டலின் தாழ்வாரத்தில் மெத்தைகளை முட்டுக்கொடுத்து வாசித்தார்கள். கேசினோ எரிந்தபோது ஏரி மேல் பரவிய அந்தப் புகைதான் ‘ஸ்மோக் ஆன் த வாட்டர்’ என்ற பாட்டானது. நாலே சுரத்தில் அதன் தொடக்கம். கிதாரைத் தொட்ட முதல் வாரமே அதைத் தட்டுத்தடுமாறி வாசித்து வீட்டாரை வதைத்தவன் நான்.

சரி, அப்புறம்? 1973-இல் கில்லன், குளோவர் போய் டேவிட் கவர்டேல், கிளென் ஹியூஸ் வந்தார்கள். 1975-இல் கிதார் ரிட்ச்சி பிளாக்மோர் கிளம்ப, அடுத்த வருடமே கடையைச் சாத்தினார்கள். 1984-இல் மார்க் 2 மறுபடி கூடியது. 1993-இல் பிளாக்மோர் சுற்றுப்பயணத்தின் நடுவிலேயே மறுபடி கிளம்பிவிட்டார்.