கர்தினால்: சில கேள்விகள், பதில்கள்

கேள்வி: ‘கர்தினால்’ என்ற சொல்லின் பொருள் சிவப்பு நிறமா?

பதில்: இல்லை. கத்தோலிக்கத் திருஅவையில் திருத்தந்தை (போப்) தேர்ந்தெடுக்கும் துணைவர்களும், அடுத்த திருத்தந்தையைத் தேர்ந்தெடுப்பவர்களுமே கர்தினால்கள். அந்தச் சொல் ‘கார்தோ’ என்ற இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. கதவைத் தாங்கும் கீல் என்று பொருள். கதவு கீலைப் பற்றி நிற்பதுபோல ரோமைத் திருஅவையின் பணிகள் இவர்களைப் பற்றி நின்றன. நிறத்துக்கு அந்தப் பெயர் வந்தது இவர்களுடைய உடையால். நம்பிக்கைக்காக இரத்தம் சிந்தவும் அணியமாக இருப்பதை அந்தச் சிவப்பு உணர்த்துகிறது.

கேள்வி: ஆயரைவிட (பிஷப்) உயர்ந்த குருத்துவ நிலைதானே இது?

பதில்: பலரும் இப்படித்தான் நினைக்கிறார்கள், தயவுசெய்து இதைத் திருத்திக்கொள்ளுங்கள். திருநிலைகள், அதாவது தலைமேல் கைவைத்துத் திருப்பணிக்கு அமர்த்தும் நிலைகள், மூன்றே: திருத்தொண்டர் (டீக்கன்), குரு, ஆயர். நான்காவது கிடையாது. கர்தினால் என்பது திருத்தந்தை ஒருவரைத் தேர்ந்து ஒப்படைக்கும் பொறுப்பு. அந்தச் சடங்கில் சிவப்புத் தொப்பியும் மோதிரமும் தருவார். தலைமேல் கைவைத்துத் திருநிலைப்படுத்துவதில்லை. ஆங்கிலேயக் குரு ஜான் ஹென்றி நியூமன் 1879இல் கர்தினாலானார். ஆனால் கடைசிவரை ஆயராகவில்லை. கர்தினால்கள் ஆயர்களாகவும் இருக்க வேண்டும் என்று 1962இல் திருத்தந்தை 23ஆம் யோவான் விதித்தார். அதற்கும் திருத்தந்தை விலக்கு அளிக்கலாம்: 2024இல் கர்தினாலான டிமத்தி ராட்கிளிஃப் குருவாகவே இருக்கிறார்.

கேள்வி: வேறு நாட்டில் பணியாற்றும் கர்தினாலுக்கு ரோமையில் ஓர் ஆலயத்தை ஏன் ஒதுக்குகிறார்கள்?

பதில்: எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. திருத்தந்தை என்பவர் ரோமையின் ஆயர். தொடக்கத்தில் அவரைத் தேர்ந்தெடுத்தவர்கள் அந்நகரின் குருக்களும் மக்களும். 1059இல் திருத்தந்தை 2ஆம் நிக்கோலாஸ் அந்தத் தேர்வில் கர்தினால்களுக்கு முதன்மை கொடுத்தார். உலகின் எந்த மூலையில் இருந்தாலும், ஓர் ஆலயத்தின் வழியாகக் கர்தினால் ரோமை நகரின் குருக்களில் ஒருவராகிறார். தம் நகரின் ஆயரைத் தேர்ந்தெடுப்பவராகத்தான் அவர் வாக்களிக்கிறார். வெறும் அலங்காரம் என்று இதை ஒதுக்கிவிடாதீர்கள்.

கேள்வி: எல்லாக் கர்தினால்களும் வாக்களிக்கலாமா?

பதில்: திருத்தந்தையின் பதவி காலியாகும்போது 80 வயதைக் கடந்திருந்தால் வாக்கு இல்லை. 1970இல் திருத்தந்தை 6ஆம் பவுல் வகுத்த வயது வரம்பு இது. 2025 மே மாதத் தேர்தலில் வாக்களித்தவர்கள் 133 பேர்.

கேள்வி: ஒரு பழைய நூலில் ‘ஜான் கர்தினால் நியூமன்’ என்று பார்த்தேன். அச்சுப் பிழையா?

பதில்: பிழையன்று. பட்டத்தை இயற்பெயருக்கும் குடும்பப் பெயருக்கும் நடுவே வைப்பது பழைய மரபு. தமிழில் பெயருக்கு முன்னால் எழுதுங்கள்: கர்தினால் ஜான் ஹென்றி நியூமன்.